அமெரிக்காக்காரர் எழுதாத பச்சையம்மா

தம்பி, நீ நம் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்த படங்களைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இருந்தாலும் அட்டையைப் பார்த்த உடனே அது எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஈப்போ பழைய டவுனுக்குப் போனவன், பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து அதைப் பிடித்திருக்கிறாய். காலேஜில் இலக்கியம் நடத்துகிறவன் ஆயிற்றே, நுழையாமல் இருப்பாயா. படங்களுக்குக் கீழே நீ எழுதியதையும் படித்தேன். "நம்ம தோட்டத்துப் பேயோட ஒரிஜினல் அமெரிக்காவுல இருக்குலா. எங்கப்பா காப்பி அடிச்சி நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாரு." அதற்குப் பின்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். செத்துப்போன அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் உனக்கு. சின்ன வயதில் அவர் ஒளித்து வைத்த மிட்டாயைக் கண்டுபிடித்தாலும் இப்படித்தான் குதிப்பாய். அதனால் எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. கோலா கங்சார் பக்கம் நம் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டமும் அதற்கொரு காவல்காரன் கூண்டும்தான் இருக்கிறது. ஆட்கள் ஈப்போ, தைப்பிங், தாப்பா என்று சிதறிப் போய்விட்டார்கள். எல்லாரையும் சேர்த்து வைத்திருப்பது இந்தக் குரூப்பும், கம்பெனிக்காரன் போனால் போகிறது என்று ஓரமாக விட்டு வைத்த மாரியம்மன் கோயிலும்தான். வருஷா வருஷம் ஆடிக் கூழுக்கு அங்கே கூடுகிறோம். கூழ் குடிப்பதற்கு முன்னால் ஒருவர் நின்று, எப்போதோ செத்துப்போனவளை "பச்சையம்மா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். அதற்குப் பிறகுதான் கரண்டி பானைக்குள் போகும். வேறு எந்தத் தோட்டத்திலும் இந்த வழக்கம் கிடையாது. உன் அப்பா ஆரம்பித்து வைத்தது. நீ படம் போட்ட அன்றைக்கு ஒருவர் உன் அப்பாவை "அடப்பாவி கிராணி" என்று எழுதினார். இன்னொருவர் "இனிமே பேர் கூப்பிடாம நேரா சாப்பிடலாம்லா" என்று எழுதினார். அதற்கும் நீ ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டாய். பச்சையம்மாவின் மகள் ஜெயாவும் அதே குரூப்பில் இருக்கிறாள் என்பது உன் நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஜெயா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற அவளுடைய சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டு, கடைத் துணியோடேயே வந்திருந்தாள். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அவள் போனதும் உனக்கு போன் அடித்தேன். நடந்ததையெல்லாம் குரூப்பில் எழுதிவிடப் போகிறேன் என்றேன். நடந்தது என்னவென்று நீ கேட்கவில்லை. "மா, கல்யாணம் முடியட்டும்மா. பொண்ணு வீட்டுக்காரங்களும் கேள்விப்படுவாங்க. நாங்க மெல்பர்ன் போய்ச் சேர்ந்த பெறகு எதுனாலும் எழுதுங்க" என்றாய். தம்பி, இந்த 'முடியட்டும்' என்ற சொல்லோடு நான் ஒரு ஆயுசு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பிரசவம் முடியட்டும் என்றார் உன் அப்பா. பையன் பள்ளிக்கூடம் முடியட்டும் என்றார். வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கட்டும் என்றார். ஒவ்வொன்றாக எல்லாம் முடிந்தது, கடைசியில் அவரும் முடிந்தார். அதே சொல்லை இப்போது உன் குரலில் கேட்டேன். போனை வைத்துவிட்டு நோட்டுத்தாளை எடுத்தேன். எனக்கு போனில் தட்டி எழுத வராது. கையால் எழுதிப் படம் பிடித்து, நீ போட்ட அதே இடத்தில் போடுகிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் புத்தகம் வந்த கதை. உன் அப்பா தைப்பிங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நம் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாக வந்தார். எழுத்து வேலை, பேர் பதிகிற வேலை, ரப்பர் பால் நிறுக்கிற வேலை எல்லாம் அவர் தலையில். பழைய துரை ஊருக்குப் போனபோது பங்களாவைக் காலி பண்ணினார்கள். ஆட்கள் நாற்காலிக்கும் மெத்தைக்கும் அடித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் குப்பையில் கிடந்த மூன்று புத்தகங்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றும் ஒரே அமெரிக்காக்காரர் எழுதிய சிறுகதைகள். பச்சைத் துணி அட்டை. செத்துப் பல காலம் ஆன மனிதராம், அங்கே பெரிய பேராம். எனக்கு அவர் பேர் வாயில் நுழையவே இல்லை. 'அமெரிக்காக்காரர்' என்றே எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வோம், பக்கத்து வீட்டில் குடியிருக்கிற ஆள் மாதிரி.

மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. அப்படிப்பட்ட நாட்களில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கதையை எடுப்பார். இங்கிலீஷில் மனசுக்குள் ஒரு வரி படிப்பார், அதைத் தமிழில் எனக்குச் சொல்வார். நான் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு, அந்த மூன்று புத்தகத்திலும் இருந்த கதை எல்லாம் அத்துப்படி. எல்லாம் குளிர்ப்பிரதேசத்துக் கதைகள். மில்லு, வாடகை அறை, ரயிலடி, பேசிக்கொள்ளாத புருஷன் பெண்சாதி. பனி கொட்டுகிறது, பனி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான், கடையில் ஐஸ் கச்சாங்குக்கு ஐஸைச் சீவிப் போடுகிறார்களே, அது ஊர் முழுக்க விழுகிறதாக நினைத்துக்கொள்வேன். அமெரிக்காக்காரரிடம் எனக்கு நிறைய சண்டை உண்டு. ஒரு கதையிலும் யாரையும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட விட மாட்டார். குளிர் தெரிந்த அளவுக்கு அந்த மனிதருக்குப் பசி தெரியவில்லை என்று சொல்வேன். உன் அப்பா சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான்.

மூன்றாவது புத்தகத்தில் நடுவில் இருந்தது நீ படம் பிடித்துப் போட்ட கதை. ஒரு நூல் மில்லு. விடியற்காலையில் பெண்கள் பனியில் வரிசையாக நிற்பார்கள். மேஸ்திரி வாசலில் நின்று பேர் கூப்பிடுவான். பதில் சொன்னவர்கள் உள்ளே போகலாம். ஒருத்தி பேரைக் கூப்பிட்டால் தினமும் வரிசையின் கடைசியிலிருந்து பதில் வரும், அவனும் குறித்துக்கொள்வான். ஒரு நாள் வாடகை அறையின் கதவை உடைத்தால் அவள் எப்போதோ செத்துக் கிடக்கிறாள். உன் அப்பா இந்த இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் சத்தத்தைக் காணோம். நான் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். புத்தகம் மடியில் கிடக்கிறது, அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைச் சத்தம்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "அவ சொன்னா. எனக்குக் கேட்டுச்சு" என்றார். கதையில் வருகிற மில்லுக்காரியைச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது பச்சையம்மாவை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்த சாவு அது. பெரட்டு என்றால் என்னவென்று உன் பெண்சாதியாகப் போகிறவளுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். பால் மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் இருட்டோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் முன்னால் களத்தில் கூடவேண்டும். கிராணி விளக்கு வெளிச்சத்தில் பேர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொன்னவருக்கு அன்றைக்கு வேலை. பேர் தாண்டிவிட்டால் வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் நேரம் தவறி வருகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். வீட்டுக்குப் போகாமல், சத்தம் போடாமல் தங்களுக்கு ஒதுக்கிய மர நிரைக்குப் போய் மரத்தை வெட்டி, பாலைக் கொண்டுவந்து தராசில் வைத்துவிடுவார்கள். பாலைப் பார்த்த பிறகு எந்தக் கிராணி வேண்டாம் என்பார்? திட்டிக்கொண்டே பேரைப் போட்டுவிடுவார். அது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு.

பச்சையம்மாவின் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. ஜெயா அப்போது மழலை பேசுகிற பிள்ளை. அன்றைக்குக் காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவள் ஓடி வருவதற்குள் பேர் தாண்டிவிட்டது. முதல் நாள்தான் புதுத் துரை உன் அப்பாவைக் கூப்பிட்டு, நேரம் தவறி வருகிறவர்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். அந்தக் கடுப்பில் இருந்தார் இவர். அவள் பேரிலிருந்து இரண்டு பேர் தள்ளிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "இருக்கேன்யா, வந்துட்டேன்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. தராசில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதில் ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை, தினமும் நடக்கிறதுதான்.

ஆட்கள் நிரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. வெட்டாமலே எல்லாரும் திரும்பிவிட்டார்கள். பால் இல்லை, அதனால் தராசும் இல்லை. யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்க்க ஒரு காரியமும் இல்லாமல் போயிற்று. பச்சையம்மா மழைக்கு ஒதுங்கிய மரத்தின் கிளை முறிந்து அவள் மேல் விழுந்திருக்கிறது. பிள்ளையை எடுக்க வரவில்லை என்று தேடி, மறுநாள்தான் பிணத்தைப் பார்த்தார்கள். துரை கேட்டார், நேற்று இவள் வேலைக்கு வந்தாளா என்று. உன் அப்பா சொன்னார்: "பெரட்டுல இல்லைங்க." வந்தாள், பதில் சொன்னாள், நான் தலையைத் தூக்கவில்லை என்று சொல்லியிருந்தால் இவர் வேலை போயிருக்கும். அதனால் அந்த ஒரு பதில். ஆனால் அதற்கப்புறம் தோட்டம் என்ன பேசியது தெரியுமா? பெரட்டுக்கு வராதவளுக்கு மழையில் காட்டுக்குள் என்ன வேலை? பிள்ளையை ஆயாவிடம் தள்ளிவிட்டு யாரைப் பார்க்கப் போனாள்? வாளி பக்கத்தில் கிடந்ததே என்று யாரோ கேட்டதற்கு, சந்தேகம் வரக்கூடாது என்று எடுத்துப் போயிருப்பாள் என்று பதில் வந்தது. புருஷன் விட்டுப் போனதற்குக்கூட அப்போதுதான் காரணம் கண்டுபிடித்தார்கள். நிர்வாகம் வேலை நேரத்துச் சாவு இல்லை என்று கைகழுவிவிட்டது. ஜெயாவை வளர்த்த சித்தி கோபம் வந்தால் பிள்ளையைப் பார்த்து, உன் அம்மா மாதிரி திரியாதே என்பாளாம். கொட்டகையில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் அந்தப் பிள்ளையோடு சேர்த்துப் படுக்கவைக்காதே என்று ஆயாவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அந்த மழை மத்தியானத்தில் சொல்லி முடித்தார். கதை பாதியில் நிற்கிறது. நான் கத்தினேன். இப்பவே போய்த் துரையிடம் சொல்லுங்கள், கோயிலில் நின்று சொல்லுங்கள் என்று கத்தினேன். அப்போது வயிற்றில் நீ. வேலை போனால் வீடும் போகும், பிரசவம் முடியட்டும் என்றார். நான் அடங்கிவிட்டேன். காரணம் நீ என்று உன் மேல் போட மாட்டேன். எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்ல முடியாதவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாள் கழித்துத் தோட்டத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பெரட்டில் பேர் கூப்பிடும்போது எனக்கு ஒரு குரல் கேட்கிறது என்றாராம். யார் குரல் என்று சொல்லவில்லை. ஆட்கள் விடுவார்களா? அவர்களே கேட்டுக் கேட்டுப் பேரைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஒரு காலையில், எல்லாப் பேரும் கூப்பிட்டு முடித்த பிறகு, இவர் "பச்சையம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். பின் வரிசையில் நின்ற ஒரு பெண் வாளியைப் போட்டுவிட்டு, எனக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது என்று அழுதாள். அதோடு ஊர்ப்பேச்சு திரும்பியது. கெட்டுப் போனவள் செத்த பிறகும் பெரட்டுக்கு வருவாளா என்று கடையில் ஒரு கிழவர் கேட்டாராம். அன்றிலிருந்து அவளைத் தப்பாகப் பேசின வாய்கள் மூடிக்கொண்டன. ஜெயாவுக்குத் தலை பின்னிவிட ஆட்கள் வந்தார்கள். பேர் கூப்பிடுகிற வழக்கம் தினப்படி வழக்கம் ஆனது. தோட்டம் கைமாறி, பெரட்டே இல்லாமல் போன பிறகு ஆடிக் கூழோடு சேர்ந்தது.

எனக்குக் கேட்டதா என்று நீ கேட்பாய். ஒரு தடவை போனேன். நீ பிறந்து, உன்னை என் அக்காவிடம் விட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு களத்தின் ஓரத்தில் போய் நின்றேன். இது என் புருஷன் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாளிகள் முட்டிக்கொள்கிற சத்தம், கொசு அடிக்கிற சத்தம். அவர் பேரைக் கூப்பிட்டார். எல்லாச் சத்தமும் நின்றது. என் பின்னால், ஓடி வந்த ஒருவர் மூச்சு வாங்குகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை நான். திரும்பியிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது என்று இப்போது சொல்லலாம். அப்போது கழுத்து திரும்பவில்லை, தம்பி. நேராக வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது நிஜமாகக் கேட்டதா, அவர் சொல்லிச் சொல்லி என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதா, இந்த வயது வரைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவருக்கோ அது எங்கே போனாலும் கூட வந்தது. ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு அரசாங்க கிளினிக்கில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நர்ஸ் ஒரு மலாய்க்காரப் பாட்டியின் பேரைக் கூப்பிட்டாள். பாட்டி எழுந்திருக்க நேரமாயிற்று, நர்ஸ் அடுத்த பேருக்குப் போய்விட்டாள். உன் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அந்த அம்மா இருக்காங்க, பின்னால இருக்காங்க, தலையைத் தூக்கிப் பார் என்று மலாயில் கத்தினார். கூட்டமே திரும்பியது. நீ அப்போது பெரிய பள்ளிக்கூடத்துப் பையன், அவமானத்தில் வெளியே போய் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டாய். வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு மறை கழன்றுவிட்டதா என்று என்னிடம் கேட்டாய். நான் உன்னை அறைந்தேன், ஏன் அறைந்தேன் என்று சொல்லவில்லை. நீ எத்தனையோ நாள் நேரம் தவறி வீட்டுக்கு வந்திருக்கிறாய். ஒரு தடவையாவது அவர் உன்னைக் கடிந்தாரா? "வந்துட்டியா" என்று மட்டும் கேட்பார். பாசம் என்று நினைத்திருப்பாய். பாசமும்தான். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் ஒவ்வொரு காலையிலும் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். டாக்டர் வருவதைப் பார்க்கிறார் என்று நினைத்து நீ தலையணையைச் சரிபண்ணினாய்.

சரி, இப்போது உன் காப்பி விஷயத்துக்கு வருகிறேன். நீ கதை படித்துப் பட்டம் வாங்கியவன். நான் கேட்டு மட்டும் தெரிந்துகொண்டவள். இருந்தாலும் சொல்கிறேன், நீ ஒத்துப் போகிற இடத்தை மட்டும் பார்த்திருக்கிறாய். அமெரிக்காக்காரர் கதையில் அந்த மில்லுக்காரி வேலைக்கு வரவே இல்லை. அறைக்குள் செத்துக் கிடக்கிறாள், குரல்தான் வருகிறது. உன் அப்பா சொன்ன கதையில் அவள் வருகிறாள். வாளியோடு, ஓட்டமாக, மூச்சு வாங்க வருகிறாள். எத்தனை தடவை அவர் அந்தக் கதையைச் சொன்னாலும் இந்த ஒரு இடத்தை மட்டும் விடமாட்டார். அமெரிக்காக்காரரின் மேஸ்திரி பயந்துபோய்ப் பேர் கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறான், ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுகிறான். கடைசி வரியில் இரண்டு எண்களுக்கு நடுவே யாரோ மூச்சிழுக்கிற சத்தம் அவனுக்குக் கேட்கிறது, அத்தோடு கதையை விட்டுவிடுகிறார் மனிதர். உன் அப்பா நிறுத்தவில்லை, தினமும் கூப்பிட்டார். காப்பி அடிக்கிறவன் இவ்வளவு சிரமப்பட்டு மாற்றுவானா? அவள் வேலைக்கு வந்தாள் என்று சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அந்தப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு சொன்னார். அது கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மேல் கிடந்த அழுக்கை அந்தக் கதைதான் கழுவியது. நீ சிரித்துக்கொண்டே அதைப் பொய் என்று சொன்ன மறுநிமிஷம் அழுக்கு திரும்ப அவள் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பேய் பொய்யென்றால், பெரட்டுக்கு வந்ததும் பொய்தானே? ஆட்கள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

ஜெயாவும் அப்படித்தான் போட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அத்தை, பேயி பிசாசெல்லாம் எனக்கு வேணாம். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. எங்கம்மா அன்னைக்கு வேலைக்கு வந்துச்சா, வரலையா?" என்றாள். அவளுக்குக் கடை இருக்கிறது, பெரிய பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள், ஆனால் கேட்டது கொட்டகையில் நின்ற அந்தப் பிள்ளைதான். உன் அப்பா படம் மாலையோடு அவளுக்கு நேர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். மழை, துரை, தலையைத் தூக்காதது, 'பெரட்டுல இல்லைங்க', எல்லாம் சொன்னேன். அவள் கத்துவாள், படத்தைப் பிடுங்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "லேட்டானது என்னாலதான் இருக்கும் அத்தை. நான் சேலையை விடாம அழுவேன்னு ஆயா சொல்லும்" என்றாள். பார்த்தாயா தம்பி, நாங்கள் பேசாமல் இருந்தால் அந்தப் பழி எங்கேயும் போகாமல் காற்றில் கரைந்துவிடும் என்று நினைத்தோம். அது போய் எந்தத் தலையில் இறங்கியிருக்கிறது பார். தாய் சேலையைப் பிடித்து அழாத பிள்ளை உலகத்தில் உண்டா, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியவர் என் வீட்டுக்காரர், உன் மேல் ஒரு துளி இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கையை உருவிக்கொண்டாள். அப்போதுதான் கோபம் வந்தது அவளுக்கு. "இத அவரு உசுரோட இருக்கும்போது சொல்லிருக்கலாம்ல. எங்க சித்திக்காவது தெரிஞ்சிருக்கும்ல" என்றாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாரும் படிக்கிற மாதிரி போடுங்க. கதையா வேணாம். நடந்தத மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். அம்மா ஏதாவது புத்தி சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பாய், இதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாய். உன் பெண்சாதி ஏதாவது சொன்னால், நீ எந்த வேலையில் இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார். கேட்டது என்று காட்டு. அப்புறம் சண்டை போடு, பேசாமல் இரு, எதுவானாலும் பண்ணு. உன் அப்பா நல்ல மனுஷன். ஒரு எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிறவர். அவர் பண்ணிய பாவமெல்லாம் ஒரு தடவை தலையைத் தூக்காததும், பிறகு அதை ஒத்துக்கொள்ளாததும்தான். அதற்காக ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கத் தலைகுனிந்து நடந்தது, இவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்களோ என்று பயப்படுகிறாய். நினைக்கட்டும். பத்திரிகையில் உன் அப்பா பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டு அடித்திருக்கிறாய். அந்தத் தெய்வத்தைப் பற்றி அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இதற்காக என் மேல் கோபித்துக்கொண்டு மணவறையில் என்னை ஓரமாக நிற்க வைத்தாலும் நான் வருவேன், ஓரமாகவே நிற்பேன்.

உன் படங்களை அழிக்க வேண்டாம். அமெரிக்காக்காரர் கதை நல்ல கதை, ஆட்கள் அதையும் படிக்கட்டும். அதற்குக் கீழேயே இது இருக்கும். இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும் இல்லை, குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும். அந்தக் களத்தில் அன்றைக்குப் பின் வரிசையில் நின்றவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறீர்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கிராணியே இல்லை என்று சொன்ன பிறகு நமக்கென்ன என்று இருந்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் யார்? நான் அவரோடு ஒரே வீட்டில் சோறு தின்றவள். ஜெயா இதைப் படிப்பாள், அவள் பெண்ணும் படிப்பாள். பேய் வந்ததா இல்லையா என்பதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். இது பேய்க் கதை இல்லை. பச்சையம்மா அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தாள். பேர் கூப்பிட்டதற்குப் பதிலும் சொன்னாள். என் புருஷனுக்கு அது கேட்டது.